கட்டைவிரல் மேடு

எங்கள் தெருவில் ‘மாஸ்டர்’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஒரே ஆள்தான் உண்டு. அதுவும் ஒரு பெண். எனக்கு எதிர்க்கடை. அண்ணன் தம்பி இரண்டு பேர், அவர்கள் கட்டிக்கொண்ட பெண்கள் இரண்டு பேர், கீழே தையல் கடை, மேலே வீடு. அண்ணன் மெஷினில் உட்கார்ந்துவிட்டால் சாப்பாட்டுக்குக்கூட யாராவது தோளைத் தட்டித்தான் எழுப்ப வேண்டும். தம்பி வெளி ஆள். ஆர்டர் பிடிப்பான், துணி எடுத்து வருவான், தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பான், கொடுத்த இடத்தில் அரை நாள் அரட்டை அடிப்பான். ஆனால் அந்தக் கடைக்கு ஜனங்கள் வந்தது இவர்களுக்காக இல்லை. அண்ணன் மனைவியின் கத்தரிக்காக வந்தார்கள். அவள்தான் மாஸ்டர்.

நான் பட்டன், நூல், ஜிப், லைனிங் துணி விற்கிறவன். என் கல்லாவில் உட்கார்ந்தால் அவர்களுடைய கட்டிங் டேபிள் நேராகத் தெரியும். வியாபாரம் மந்தமான நேரத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் வியாபாரம் எப்போதுமே மந்தம்தான். தெருமுக்கில் பெரிய கடை போட்டிருக்கிறானே ஒருவன், அவனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கதை வேறு பக்கம் போய்விடும்.

மாஸ்டர் நல்ல உயரம். கோட்டுத் துணியை விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, சாக்குக் கட்டியால் கோடு போடுவாள். பிறகு கத்தரியை எடுப்பாள். முழங்கை நீளம் இருக்கும், கனமான இரும்பு. துணிக்குள் நுழைந்தால் தோள் வளைவு முடிகிற வரைக்கும் நிற்காது. தைக்கக் கொடுக்க வந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போக மாட்டார்கள், நின்று பார்ப்பார்கள். வெட்டி முடித்ததும் அவள் வலது கையை விரித்துக் காட்டுவாள். கட்டைவிரலுக்குக் கீழே, சதைப் பற்றில், ஒரு புளியங்கொட்டை அளவுக்கு மேடு.

“இது சும்மா வராதுங்க. கத்தரி குடுத்த பரிசு” என்பாள்.

வந்தவர்கள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இனி பேரம் பேசக் கூடாது என்ற முகத்தோடு போவார்கள். எங்கள் தெருவில் அந்த மேட்டுக்கு அவ்வளவு மரியாதை.

சின்னவளுக்கு, அதாவது தம்பி மனைவிக்கு, அந்தக் கையைக் கண்டாலே ஆகாது.

சின்னவள் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பட்டன் துளைக்குக் காஜா எடுப்பதும் பட்டன் தைப்பதும்தான் வேலை. மூலையில் ஒரு ஸ்டூல், தலைக்கு மேல் ஒரு பல்பு. ஆனால் கண் மட்டும் டேபிளில்தான் இருக்கும். மாஸ்டர் எங்கே விரலை வைக்கிறாள், எந்த இடத்தில் மணிக்கட்டைத் திருப்புகிறாள், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். வெட்டி மிஞ்சிய துண்டுத் துணியை எடுத்துப்போய் மாடியில் உட்கார்ந்து வெட்டிப் பழகினாள். ஒரு தடவை குழந்தைச் சட்டை ஒன்றை வெட்டி, தைத்தும் கொண்டுவந்து காட்டினாள். மாஸ்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா உன் கைக்குக் காஜா போதும்டி” என்றாள்.

அன்றைக்குச் சின்னவள் என் கடைக்கு நூல் வாங்க வந்தவள், நூல்கண்டைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். “நல்லாத்தான் இருக்காம். அந்த ‘தான்’ எதுக்குண்ணே?” என்று கேட்டாள். எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. பொறாமைக்காரர்களைக் கண்டால் எனக்கு எப்போதும் ஒரு பாசம். இனம் இனத்தோடு சேரும் இல்லையா.

மாஸ்டருக்கு முதலில் வலித்தது குதிகால். நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களுக்கு வராத வலியா என்று விட்டுவிட்டாள். பிறகு இடுப்பு. பிறகு ஒரு நாள் வெட்டிக்கொண்டிருக்கும்போது துணித்தூசி மூக்கில் ஏறித் தும்மினாள். தும்மியவள் டேபிளைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டாள். படம் எடுத்தால் விலா எலும்பில் கீறல். தும்மலுக்கு எலும்பு விடும் என்று நாங்கள் யாரும் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

நடை மாறியது. வாத்து மாதிரி இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். மாடிப்படி ஏறுவதற்கு இரண்டு கையாலும் கைப்பிடியை இழுத்துக்கொள்வாள். ஒரு வைத்தியர் வாதம் என்றார். ஒருவர் வயசு என்றார். ஒருவர் விட்டமின் எழுதிக்கொடுத்து வெயிலில் உட்காரச் சொன்னார். அதன்படி கொஞ்ச காலம் நடைபாதையில் நாற்காலி போட்டு வெயிலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், போகிறவர் வருகிறவர் எல்லாம் நலம் விசாரித்தார்கள். இன்னொருவர், வீட்டில் ஏதாவது மனக்கஷ்டமா என்று மெதுவாகக் கேட்டாராம்.

“மனக்கஷ்டம் எனக்குத்தானே இருக்கு, அவங்களுக்கு என்ன?” என்று சின்னவள் என்னிடம் சொன்னாள். “நடிப்புண்ணே. நிக்க முடியலைன்னா நாற்காலி, படுக்க முடியலைன்னா நாலு தலையணை. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ஒரு மாத்திரை குடுத்து காஜா எடுக்கச் சொன்னாங்க.”

நடிப்பு இல்லை என்பது அண்ணன் தைத்த நைட்டியில் தெரிந்தது. மனைவிக்குப் பழைய அளவிலேயே ஒரு நைட்டி தைத்தார். போட்டுக்கொண்டால் கீழ்மடிப்பு தரையில் புரண்டது. அளவெடுப்பதில் தப்பே செய்யாத மனிதர். டேப் இழுத்துப்போய்விட்டது என்று திட்டிவிட்டு என்னிடம் வந்து புது டேப் வாங்கிப் போனார். அதில் அளந்தாலும் அதே கணக்குத்தான். மனைவி குள்ளமாகிக்கொண்டு வருகிறாள் என்று அந்த மனிதருக்குப் புரிந்தபோது, அன்று முழுக்க மெஷின் சத்தம் கேட்கவில்லை.

ஆர்டர்கள் காத்திருக்காது. கத்தரி சின்னவள் கைக்கு வந்தது. யாரும் கொடுக்கவில்லை, தம்பி துணியைக் கொண்டுவந்து டேபிளில் போட்டான், வெட்ட ஆள் இல்லை, அவள் ஸ்டூலிலிருந்து எழுந்தாள். அவ்வளவுதான். முதல் வாரம் ஒவ்வொரு கோட்டையும் மூன்று தடவை அளந்தாள். பிறகு ஒரு தடவையே போதும் என்றானது. உள்ளதைச் சொல்ல வேண்டும், நன்றாக வெட்டினாள். மாஸ்டர் கத்தரி ஆற்றில் படகு போகிற மாதிரி போகும். இவளுடையது பசித்தவன் சாப்பிடுகிற மாதிரி போகும். இரண்டிலும் துணி கோணவில்லை.

ஆனால் அவளுக்கு அதில் என்ன நிம்மதி? மாஸ்டரின் நாற்காலி டேபிளின் தலைமாட்டுக்கு வந்துவிட்டது. வலியோடு வலியாக அங்கேயிருந்து குரல் வரும்.

“தோள் கிட்ட வெட்டு ஒரு நூல் அளவு உள்ள போயிருக்கு.”

“போகலக்கா.”

“சாக்குக் கோட்டுக்கு வெளிய வெட்டு. கோட்டு மேலயே வெட்டினா தையலுக்கு எங்க போறது?”

“வெளியதான்க்கா வெட்டறேன்.”

“சரி சரி, நீ வெட்டு. நான் என்ன சொல்லிட்டேன் இப்ப?”

வருகிறவர்களோ, கத்தரியோடு நிற்கிறவளைத் தாண்டிப் போய் நாற்காலியில் இருப்பவளிடம், “மாஸ்டர், எப்ப திரும்ப வெட்டுவீங்க?” என்பார்கள். சின்னவள் உதட்டைக் கடித்துக்கொள்வாள். இருக்கையில் உட்கார்ந்தே ஒருத்தியால் ஜெயிக்க முடியும் என்பதை அவள் அப்போதுதான் கண்டாள்.

ஒரு நாள் மழைக்கு முன்னால், காற்று தூசியை வாரி அடித்துக்கொண்டிருந்தபோது, என் கடைக்குள் ஓடி வந்து கையை நீட்டினாள்.

“அண்ணே, இதப் பாருங்க.”

“என்ன?”

“ஒண்ணும் தெரியலையா?”

“கை தெரியுது.”

“இங்கண்ணே, கட்டைவிரல் முட்டிக்குப் பக்கத்துல. கொஞ்சம் தடிச்சிருக்கில்ல?”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். தோல் லேசாக மஞ்சளாகக் காய்ந்திருந்தது. “தடிச்ச மாதிரிதான் இருக்கு” என்றேன்.

“மாதிரி” என்று முகத்தைச் சுளித்தாள். “எனக்கு வரவே மாட்டேங்குது, அவங்களுக்குப் போகவே மாட்டேங்குது. கத்தரியைத் தொட்டு எவ்வளவு காலம் ஆச்சு, அந்த மேடு அப்படியே இருக்கு. நான் சொல்றேன், இப்ப இன்னும் பெருசாக்கூட ஆயிருக்கு.”

“சும்மா உக்காந்திருந்தா வளருமா?”

“வளருதே. அதானே எரியுது.”

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். மழை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு கைத்தாங்கல் இல்லாமல் மாஸ்டரால் எழுந்திருக்க முடியாமல் போனது. யாரோ சொல்லி, எலும்பும் சுரப்பிகளும் பார்க்கிற ஒரு டாக்டரம்மாவிடம் போனார்கள். அண்ணனுக்கு ஆஸ்பத்திரி வாசனை பட்டாலே கை கால் ஓடாது. தம்பி வெளியூரில். அதனால் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது சின்னவள்தான். அங்கே நடந்ததை அவள் பல நாள் கழித்து எனக்குச் சொன்னாள், விட்டு விட்டு.

டாக்டரம்மா பழைய படங்களையெல்லாம் விளக்கில் மாட்டிப் பார்த்தாள். ரத்தம், மூத்திரம் எல்லாம் புதிதாக எடுக்கச் சொன்னாள். அடுத்த தடவை போனபோது நாற்காலியை இழுத்து மாஸ்டர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

“உங்க எலும்பு தேயலை, இளகிப்போச்சு. எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து மட்டும் போதாது, பாஸ்பேட்டுன்னு ஒண்ணு வேணும். நீங்க சாப்பிடறதுல அது இருக்கு. ஆனா உங்க கிட்னி அதை நிறுத்தி வைக்காம வெளிய தள்ளிட்டே இருக்கு.”

“கிட்னி கெட்டுப்போச்சா டாக்டர்?”

“கிட்னி மேல தப்பில்ல. யாரோ அதுக்குத் தப்பான உத்தரவு குடுக்கறாங்க. ரொம்ப அபூர்வமா, உடம்புல எங்கயாவது ஒரு சின்னக் கட்டி இருந்து, அது ஒரு சுரப்பை ரத்தத்துல விடும். அந்தச் சுரப்புதான் இந்த வேலையைப் பண்ணும்.”

“கட்டின்னா, புத்துநோயா?”

“பெரும்பாலும் இல்ல. எடுத்துட்டா எலும்பு பழையபடி இறுகும். ஆனா அது கடலை அளவுகூட இருக்கலாம், எங்க வேணும்னாலும் இருக்கலாம். யோசிச்சுச் சொல்லுங்க. உடம்புல எங்கயாவது கட்டி, உருண்டை, வீக்கம்?”

“இல்லைங்க.”

டாக்டரம்மா அதோடு விடவில்லை. தலையிலிருந்து தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள். வலது கைக்கு வந்ததும் நின்றாள். “இது என்ன?”

மாஸ்டர் கையை இழுத்துக்கொண்டாள். “அது கத்தரிக் காய்ப்புங்க. கட்டிங் வேலை. எங்க தொழில்ல எல்லார் கையிலயும் இருக்கும்.”

டாக்டரம்மா சின்னவளைப் பார்த்தாள். “நீங்களும் கட்டிங்கா? உங்களுக்கும் இருக்கா?”

சின்னவள் வாழ்க்கையில் அவளை அப்படிக் கேட்ட முதல் ஆள் அந்த டாக்டரம்மாதான். நீங்களும் கட்டிங்கா. சின்னவள் கையை நீட்டினாள்.

“இருக்குங்க” என்றாள்.

அவள் கட்டைவிரல் முட்டியை டாக்டரம்மா ஒரு பார்வை பார்த்துத் தலையாட்டிவிட்டு, காலுக்குப் போய்விட்டாள். எதற்கும் உடம்பு முழுக்க ஸ்கேன் எடுத்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தாள்.

அந்த ஸ்கேன் வெளியூரில்தான் உண்டு. கையிரண்டையும் தலைக்கு மேலே தூக்கிப் படுக்கச் சொன்னார்களாம். மண்டையிலிருந்து தொடை வரைக்கும் எடுத்தார்கள், அதுதான் அங்கே வழக்கம். ஒன்றும் இல்லை என்று வந்தது. “அகப்படலைன்னா இல்லைன்னு அர்த்தமில்ல, தேடிக்கிட்டே இருக்கணும்” என்றாள் டாக்டரம்மா. அதுவரைக்கும் தண்ணீரில் கரைத்துக் குடிக்க ஒரு பாஸ்பேட் பவுடர் கொடுத்தாள். ஒரு நாளைக்குப் பல வேளை. குடித்தால் வயிற்றைப் பிடுங்கும். மாஸ்டர் பாலும் ரொட்டியும் ஒதுக்கிவிட்டு அந்தத் தண்ணீரையே குடித்துக்கொண்டு கிடந்தாள். தொடை எலும்பில் புதிதாக ஒரு கீறல் வந்தது.

சின்னவள் மெலிய ஆரம்பித்தாள். ஒரு நாள் ஜிப் வாங்க வந்து, வாங்காமல் நின்றாள்.

“அண்ணே, காய்ப்புன்னா தோலு தானே?”

“தோலுதான்.”

“தோலுக்கு அடியில உருளுமா?”

“ஏன் கேக்கற?”

“சும்மாதான்” என்று போய்விட்டாள். எடுத்துவைத்த ஜிப் கல்லாவிலேயே கிடந்தது.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் கையில் காய்ப்பு வந்திருந்தது முட்டிக்குப் பக்கத்தில், கத்தரி வளையம் அழுத்துகிற இடத்தில், வறண்ட தோலாக. மாஸ்டருடையது கத்தரி தொடாத இடத்தில், தோலுக்கு அடியில். அந்தக் கையை அவள் அளவுக்கு உற்றுப் பார்த்தவர்கள் உலகத்தில் யாரும் கிடையாது. கட்டிய கணவன்கூட அப்படிப் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் வயிற்றெரிச்சலில்தான். இப்போது வாயைத் திறந்தால் மாஸ்டர் எழுந்துவிடுவாள். எழுந்தால் கத்தரியைக் கேட்பாள். கத்தரி போனால் மூலையில் ஸ்டூலும் பல்பும். “சொல்லணும்னு வாயெடுப்பேன், அந்த ஸ்டூல் கண்ணுக்கு வரும்ண்ணே” என்று பிறகு சொன்னாள். இதைக் கேட்டு அவளைக் காறித் துப்பலாம் என்று தோன்றுகிறவர்கள் துப்பிக்கொள்ளலாம். எனக்கு மனசு வரவில்லை.

உண்மை கடைசியில் நல்ல எண்ணத்தால் வெளியே வரவில்லை, சண்டையில் வந்தது. அப்போது நான் அங்கேதான் இருந்தேன்.

ஒரு ஓட்டல் மேனேஜர், தன் ஆட்கள் எல்லோருக்கும் கோட்டு தைக்கக் கொடுக்க வந்திருந்தார். பெரிய ஆர்டர். வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. நான் லைனிங் துணிச் சாம்பிள் காட்டப் போயிருந்தேன். மேனேஜர் துணியைத் தடவிக்கொண்டே, “யாரு வேணா வெட்டுங்க, கோடு மட்டும் மாஸ்டர் கையால போட்டுக் குடுத்துடணும்” என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார்.

மாஸ்டரின் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ரத்தம் ஓடியது. “என்னைத் தூக்கி நிறுத்துங்க” என்றாள். தம்பியும் நானும் அக்குளில் கை கொடுத்து டேபிள் பக்கத்தில் நிறுத்தினோம். ஆள் கனமே இல்லை. டேபிளில் சின்னவள் காலையிலேயே கோடு போட்டு வைத்திருந்த துணி இருந்தது. மாஸ்டர் அதைப் பார்த்தாள், பிரஷ்ஷை எடுத்துக் கோட்டைத் தட்டி அழித்தாள்.

“அக்கா, அது சரியான கோடு.”

“சரிதான்.”

“சரின்னா எதுக்கு அழிக்கறீங்க?”

“என் கையால போடச் சொல்லிட்டுப் போயிருக்காரு, காதுல விழலையா?”

“நான் நின்னுக்கிட்டு வெட்டறேன், நீங்க உக்காந்துக்கிட்டு பேர் வாங்கறீங்க.”

“பேரு சும்மா வராதுடி” என்று மாஸ்டர் மூச்சு வாங்கிக்கொண்டே வலது கையை விரித்து அவள் முகத்துக்கு நேராகக் காட்டினாள். “இந்த மேடு உன் கையில வரட்டும். இன்னும் பத்து வருஷம் ஆகும். அப்ப வந்து பேசு.”

சின்னவள் அந்தக் கையைப் பிடித்தாள். அடிக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன்.

“இது மேடா? இது காய்ப்பா? கத்தரி இங்க எங்கக்கா படுது? இதோ என் கை. இங்கதான் படும், இப்படித்தான் இருக்கும், காய்ஞ்ச தோலு. உங்களுது உள்ள உருளுது. வேலையை விட்டா காய்ப்பு கரையும், உங்களுது வளருது. ஊரு முழுக்கக் காட்டிக்காட்டிப் பெருமைப்பட்டீங்களே, இது வியாதிக்கா. டாக்டரம்மா தேடின கட்டி இதுதான். வெறும் கட்டி.”

அண்ணன் மெஷினை நிறுத்தினார். யாரும் தோளைத் தட்டாமல் அந்த மனிதர் தானாக எழுந்து வந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். வந்து மனைவியின் கட்டைவிரலுக்குக் கீழே தன் விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு சின்னவளிடம் திரும்பினார்.

“எப்பலேருந்து தெரியும் உனக்கு?”

சின்னவள் மூலைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

டாக்டரம்மா அந்தக் கையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, “கை காலையும் சேர்த்து ஸ்கேன் எடுங்கன்னு நான் எழுதியிருக்கணும்” என்றாளாம். கட்டி அதுதான். ஆனால் அறுவை டாக்டர் வேறொன்று சொன்னார். கட்டி சதையோடு ஒட்டியிருக்கிறது, சுற்றியுள்ள சதையையும் சேர்த்து எடுக்க வேண்டும், மிச்சம் விட்டால் திரும்ப வரும். விரல் மடங்கும், ஆனால் பழைய பிடி இருக்காது. கனமான கத்தரியெல்லாம் சந்தேகம்தான்.

மாஸ்டர் வீட்டுக்கு வந்து மாடியில் படுத்துக்கொண்டு, முடியாது என்றுவிட்டாள்.

மறுநாள் பார்க்கப் போனேன். அண்ணன் கட்டில் காலடியில் உட்கார்ந்திருந்தார். சூப் ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது.

“பவுடரே குடிச்சுக்கறேன்” என்றாள் மாஸ்டர்.

“எவ்வளவு நாளைக்கு? எலும்பு ஒவ்வொண்ணா விட்டுக்கிட்டே வருது” என்றார் அண்ணன்.

“வரட்டும். கத்தரி பிடிக்காத கை எனக்கு எதுக்கு?”

“நடக்க வேணாமா நீ?”

“நடந்து எங்க போகணும் நான்? டேபிளுக்குத்தானே. அங்கதான் ஒருத்தி நிக்கறாளே.” கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். “அப்ப நான் உழைச்சதுக்குன்னு இந்தக் கையில ஒண்ணுமே இல்லையா? எல்லார்கிட்டயும் வியாதியத்தான் காட்டிக்கிட்டு இருந்தேனா?”

அப்போது சூடு பண்ணிய சூப்போடு சின்னவள் மேலே வந்தாள். அந்தச் சண்டைக்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை என்பது எனக்குத் தெரியும். கிண்ணத்தை வைத்துவிட்டு அவள் போகவில்லை, நின்றாள்.

“உன் கண்ணு பட்டுத்தான்டி எனக்கு இப்படி ஆச்சு” என்றாள் மாஸ்டர்.

“என் கண்ணு பட்டதாலதான் என்னன்னு தெரிஞ்சுது. இல்லாட்டி இன்னும் ஊருக்குக் காட்டிக்கிட்டு இருந்திருப்பீங்க.”

“தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தே.”

“இருந்தேன். டேபிள் வேணும்னு இருந்தேன். இப்பவும் வேணும்.” சின்னவள் கட்டிலுக்குக் கிட்டே போனாள். “நல்லாக் கேட்டுக்குங்க. நீங்க படுத்திருந்தாலும் டேபிள் எனக்குத்தான், எழுந்து நின்னாலும் எனக்குத்தான். வயித்தெரிச்சல் எப்படியும் உங்களுக்குத்தான். அதை ஏன் படுத்துக்கிட்டுப் படறீங்க? எழுந்து வந்து, ரெண்டு கால்ல நின்னு, நல்லா எரியுங்க. நான் அந்தக் காஜா ஸ்டூல்ல உக்காந்து எரிஞ்சேன். உங்களுக்கு நிக்கவாவது எடம் இருக்கு.”

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். மாஸ்டர் அவளை முறைத்தாள். அந்த முறைப்பில் பழைய மாஸ்டரை நான் பார்த்தேன். கண்ணை அவளிடமிருந்து எடுக்காமலேயே கணவரிடம் சொன்னாள்.

“ஆப்பரேஷன் எப்ப வச்சுக்கலாம்னு கேளுங்க. இவ ஆடற ஆட்டத்த எத்தனை நாளைக்குப் படுத்துக்கிட்டே பாக்கறது.”

சூப்பையும் குடித்தாள்.

கட்டியை எடுத்த சில நாளிலேயே ரத்தத்தில் பாஸ்பேட் ஏறிவிட்டதாக டாக்டரம்மாவே போன் பண்ணிச் சொன்னாள். அவள் குரலில் அவ்வளவு சந்தோஷமாம். எலும்பு இறுகத்தான் காலம் பிடித்தது. முதலில் நடைவண்டி, பிறகு கைத்தடி, பிறகு சுவரைத் தொட்டுக்கொண்டு, பிறகு சும்மா. குறைந்த உயரம் குறைந்ததுதான். இப்போது இரண்டு பேரும் ஒரே உயரம்.

ஒரு காலையில், கடை திறந்தவுடன், மாஸ்டர் தனியாக டேபிளுக்குப் போய்க் கத்தரியை எடுத்ததை நான் இங்கேயிருந்து பார்த்தேன். துணியில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள். கட்டைவிரல் வழுக்கியது. கத்தரி தரையில் விழுந்த சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. மாடியிலிருந்து இறங்கி வந்த சின்னவள் அதை எடுத்தாள், டேபிளில் வைத்தாள், ரொம்ப நேரம் துணியை நீவிக்கொண்டு நின்றாள். ஜெயித்தவள் முகம் அப்படி வாடியிருந்து நான் பார்த்ததில்லை. மாஸ்டர் நகர்ந்து போய் மூலை ஸ்டூலில் உட்கார்ந்து காஜாவுக்கு நூல் கோத்தாள். அதற்கு மூன்று விரல் போதும்.

மாதங்கள் போயின. ஆர்டர் குறையவில்லை. வருகிறவர்கள் இப்போது சின்னவளை ‘சின்ன மாஸ்டர்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தச் ‘சின்ன’ எதற்கு என்று அவள் என்னிடம் வந்து புலம்பினாள்.

போன வாரம் மாஸ்டர் என் கடைக்குப் பட்டன் வாங்க வந்தாள். யார் துணையும் இல்லாமல், தெருவைக் குறுக்கே கடந்து, வெயிலில் நடந்து வந்தாள். நான் பட்டன் டப்பாக்களை எடுத்து வைத்தேன். அவள் பட்டனைப் பார்க்கவில்லை. திரும்பி நின்று எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள் ஒரு நீளக் கோட்டு வெட்டிக்கொண்டிருந்தாள். மூன்று பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

“நல்லா வெட்டறா” என்றேன்.

“ம்.”

“என்ன மாஸ்டர்?”

“என்னத்தச் சொல்ல. வயிறு எரியுது. கண்ணாலயே அந்தக் கத்தரியைப் பிடுங்கிடலாமான்னு இருக்கு. ராத்திரி கனவுல நான்தான் வெட்டறேன், தெரியுமா? காலையில எழுந்தா அவ வெட்டறா.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இவ்வளவு காலம் அவ இப்படித்தான் இருந்திருப்பா, இல்ல? அந்த மூலையில.”

“ஆமா.”

“பாவம்டா சாமி” என்றாள். யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை.

எதிரே சின்னவள் தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்தாள். தன்னைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கும். அவள் முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா. ஆனாலும் கத்தரி நிற்கவில்லை, தோள் வளைவில் திரும்பியது.

மாஸ்டர் கல்லாவைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். “அங்க பாருங்க, வெட்டு ஒரு நூல் உள்ள போகுது.”

“இவ்வளவு தூரத்துலயா தெரியுது?”

“எனக்குத் தெரியாதா? நீங்க பட்டனை எடுத்து வைங்க, நான் போய்ச் சொல்லிட்டு வரேன்.”

படியிலிருந்து இறங்கினாள். வண்டி வருகிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாத்து நடை இல்லை, சாய்வு இல்லை, ஓட்டமும் நடையுமாகத் தெருவைக் கடந்தாள். “நில்லுடி, நில்லு, கத்தரியை நிறுத்து” என்று அங்கேயிருந்தே சத்தம் போட்டாள். மெஷினில் இருந்த அண்ணன் தலை தூக்கி, அவள் ஓடி வருவதைப் பார்த்து, அப்படியே கால் மிதிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

வெட்டு கோணவில்லை. அது எனக்குத் தெரியும், மாஸ்டருக்கும் தெரியும்.